சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசினோம்: எங்கள் ஊர் நினைவுத்தூண்

சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குப் போய் இறந்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்ப் பலகை பதித்த நினைவுத்தூணைப் பழுதுபார்த்தோம். மழைக்காலம் முடிந்துவிட்டது. தூணில் ஓர் இடத்திலும் பூச்சு உப்பவில்லை, பலகையும் அசையவில்லை. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். பர்மாவில் மோல்மேன் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: இங்கே வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமாக இங்கே ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதத்தில் பெய்துவிடும். அதைத் தாண்டிய பூச்சை நம்பலாம்.

ஊர் முடோனுக்கும் தான்பியூசயாட்டுக்கும் இடையில். நெல், ரப்பர், கொஞ்சம் வெற்றிலைக்கொடி. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, ஆலமரத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தூண் இருக்கிறது. உயரம் 7 அடி, அடிப்பீடம் மூன்றரை அடிச் சதுரம். உள்ளே செங்கல் கட்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சு. முன்பக்கம் 3 அடிக்கு 2 அடியில் ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை, கனம் ஒன்றரை அங்குலம். மண்டலே பக்கத்து சஜின் மலைக் கல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் இரண்டு பத்தியாக நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். கடைசி வரி: ‘பெயர் தெரியாத மற்றவர்களும்’.

இவர்கள் பட்டாளத்துக்காரர்கள் இல்லை. 1942 ஜனவரி கடைசியில் மோல்மேன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அந்த வருடக் கடைசியில் தான்பியூசயாட்டிலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். மொத்தம் 415 கிலோமீட்டர், அதில் பர்மா பக்கம் மூன்று பகோடா கணவாய் வரை சுமார் 111. ஊருக்கு இத்தனை ஆள் என்று தலைமைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பர்மியர்கள் அந்தக் கூட்டத்துக்கு வியர்வைப் படை என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர் உண்டு, மாட்டுவண்டி ஓட்டியவர்கள் உண்டு, கோயிலில் உடுக்கை அடித்தவர் உண்டு. அண்ணன் தம்பி இருவராகப் போய் ஒருவர் மட்டும் திரும்பிய வீடும் உண்டு. மலேரியா, வயிற்றுப்போக்கு, காலில் அழுகும் புண். 1943 மழையோடு காலராவும் சேர்ந்துகொண்டது. அந்த அக்டோபர் 17ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சந்தித்தன. பிழைத்து வந்தவர்களும் போனவர்களின் வீட்டாரும் சண்டை ஓய்ந்த பிறகு காசு போட்டுக் கட்டியதுதான் இந்தத் தூண்.

தான்பியூசயாட்டில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாதை வேலையில் இறந்த போர்க் கைதிகளுக்கு அங்கே வெட்டின புல்லும் வரிசை வரிசையாகப் பெயர்த்தகடுகளும். காமன்வெல்த் நாட்டவர் 3,149 பேர், டச்சுக்காரர் 621 பேர். கூலிகளாகப் போய் இறந்தவர்களை 80,000 முதல் ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே வரிசை கிடையாது, பெயர்ப் பதிவேடே யாரும் ஒழுங்காக வைக்கவில்லையே. ஆகவே எங்கள் பலகையில் ஓர் எழுத்து போனால் திரும்பிப் பார்க்க வேறு தாள் கிடையாது. வேலை முழுவதிலும் எடுத்த முடிவுகளுக்கு இதுதான் காரணம்.

இனி கோளாறுக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் பழைய பூச்சு உதிர்ந்தபோது மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், அப்போது சிமெண்ட் என்றால் ஒசத்தி. ஆனால் உள்ளே இருப்பது மண் ஈரத்தை உறிஞ்சும் பழைய செங்கல். சுண்ணாம்பு வழியாக ஈரம் வெளியே போய்விடும், சிமெண்ட் வழியாகப் போகாது. ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் மாவாகி, பூச்சு பாளம் பாளமாக உப்பி நின்றது. தட்டினால் காலிப் பானைச் சத்தம். பலகையைப் பிடித்திருந்த நான்கு இரும்பு முளைகளும் துருப்பிடித்து வீங்கி, மேல் இடது மூலையிலிருந்து குறுக்காகப் பலகையைப் பிளந்துவிட்டன. போதாததற்கு, எப்போதோ ஒரு திருவிழாவுக்கு முன் யாரோ கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பளிங்கும் சுண்ணாம்புக்கல் இனம்தான், ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். கீழ் இடது பக்கத்தில் நான்கைந்து பெயர்கள் வெறும் நிழலாக இருந்தன.

கொத்தனாரைக் கூப்பிடும் முன் பெயர்களைப் படித்து முடிப்பது என்று முடிவு செய்தோம். பகலில் பார்த்தால் பாதி எழுத்து தெரியாது. இருட்டினதும் டார்ச்சைப் பலகையோடு ஒட்டி, பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுத்த வெளிச்சமாக அடித்தால் மழுங்கின வெட்டில்கூட நிழல் விழும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. ஸ்டாண்டில் வைத்த சாதாரணப் போனே போதும். மெல்லிய தாளை வைத்துக் கரி தேய்த்தும் பார்த்தோம், இந்தப் பலகையில் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. மேல்பரப்பே சொரசொரவென்று ஆகிவிட்டதால் தாளில் எல்லாம் ஒரே கருப்பு.

முதலில் அழிவது புள்ளிதான். ஆழமில்லாமல் குத்தியிருப்பார்கள், சீக்கிரம் தேய்ந்துவிடும். அடுத்தது ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் ஆவது. இன்னொரு விஷயம், பலகை பழைய எழுத்தில் வெட்டியது. அண்ணாமலை, ஏழுமலை மாதிரிப் பெயர்களில் ‘லை’ முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்கும், ‘றா’வும் ‘னா’வும் சுழித்துச் சேர்ந்த ஒரே எழுத்தாக இருக்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்திய பிறகு வந்த பாடப்புத்தகத்தில் படித்த எங்கள் இளவட்டங்களுக்கு அது படிக்கவே வரவில்லை. ஒரு தம்பி அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்தப் பட்டியலே போட்டு வைத்திருந்தான். பலகையில் இருப்பது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

படிக்க முடியாத பெயர்களுக்கு வீட்டாரைத் தேட வேண்டியிருந்தது. பாதி வீட்டார் இங்கே இல்லை. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நூறு, ஐம்பது கியாட் நோட்டும் செல்லாது என்றாகிவிட்டது. அப்புறம் கப்பலேறிப் போனவர்கள் வியாசர்பாடியிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு டார்ச் வெளிச்சப் படங்களை அனுப்பினோம். ‘ஆயாகிட்ட கேட்டுச் சொல்றேண்ணே’ என்று போனவர்களில் சிலர் நிஜமாகவே கேட்டுச் சொன்னார்கள். ஆசிட் தின்ற பெயர்களில் இரண்டு அப்படித்தான் உறுதியானது. ஒன்றுக்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடினார்கள், இருவர் சொன்னதுமே எழுத்து நிழலோடு பொருந்தியது. அதைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறோம்.

பலகையை இறக்குவதுதான் பயமான வேலை. கணக்குப் போட்டால் 57 கிலோ, எங்கள் கணக்கில் 35 வீசை. அதுவும் இரண்டு துண்டாக. முதலில் முகத்தின் மேல் மெல்லிய துணியை வைத்துச் சோற்றுக்கஞ்சியால் ஒட்டினோம், சில்லு விழுந்தால் துணியோடு இருக்கும், பிறகு வெந்நீரில் உரிந்துவிடும். ஓரத்துச் சிமெண்டை அரை அங்குல உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்து, பின்னால் இடைவெளி கிடைத்ததும் கைப்பிடி இல்லாத ஹாக்ஸா பிளேடைச் செருகி முளைகளை அறுத்தோம். கடப்பாரை வேண்டாம் என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வைக்கோல் பரப்பிய கதவுப் பலகையில் சாய்த்து இறக்கியபோது பழைய விரிசலைத் தவிர வேறு எதுவும் உடையவில்லை.

கழுவியதற்குத் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், எழுத்துக்குள் மூங்கில் குச்சி. அவ்வளவுதான். பாசி ஒரே நாளில் போகாது. நனைத்து, ஊறவிட்டு, தேய்த்து, காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். ‘கொஞ்சம் பிளீச் போட்டா பளிச்சுன்னு ஆயிடுமே’ என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். பளிச்சென்று ஆகும், அப்புறம் உப்புப் பூக்கும். பழைய கல் கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பூச்சுக்கு வந்தவர் மோன் இனத்துக்காரர், புத்த கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர். ஊலே என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், பர்மியத்தில் மாமா மாதிரி. சிமெண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘கோயில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு, செத்தவங்களுக்கு மட்டும் சிமெண்டா?’ என்று பர்மியத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். உரித்தால் அடியிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை செங்கல் விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. அந்த வரிசைகளை ஒவ்வொரு பக்கமாக எடுத்துப் புதுச் செங்கல் வைத்தோம். நான்கு பக்கமும் சேர்த்து எடுத்தால் தூண் நிற்காது.

சுட்ட சுண்ணாம்புக்கல் பாஆன் பக்கத்திலிருந்து வந்தது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். கொதிக்கும்போது கிட்டே போகக் கூடாது, கண்ணாடி போடாமல் யாரையும் விடவில்லை. நீற்றின சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் ஒரு மாதமாவது கிடக்க வேண்டும் என்று ஊலே சொன்னார். எங்களுக்குப் பங்குனித் திருவிழா அவசரம், இரண்டு வாரத்திலேயே எடுத்துவிட்டோம், சல்லடையில் சரியாகச் சலிக்கவும் இல்லை. வடக்குப் பக்கத்து முதல் பூச்சில் ஒரு வாரத்துக்குள் அங்கங்கே காசு அளவுக்குக் குழி குழியாகத் தெறித்தது. நீறாத துகள் பூச்சுக்குள் மெதுவாக நீறி வீங்கும்போது இப்படி ஆகும். அந்தப் பக்கத்தை முழுக்கச் சுரண்டி எடுத்தோம். திருவிழா தூணைச் சுற்றித் தார்ப்பாயோடு நடந்தது.

பலித்த கலவை இது: ஊறின சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் இரண்டு பங்கு. சுர்க்கிக்குப் பழைய, நன்றாக வேகாத செங்கல்லை இடித்துச் சலித்தோம். செங்கல் தூள் சேர்ந்தால்தான் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். இந்த மழைக்கு வெறும் சுண்ணாம்பும் மணலும் போதாது. கடுக்காய்த் தண்ணீர் வேண்டும் என்று ஒரு தாத்தா பிடிவாதம் பிடித்தார், கடுக்காய் கிடைக்கவில்லை. பனைவெல்லத் தண்ணீர் சேர்த்தோம். அதனால் கெட்டியானதா என்று சொல்லத் தெரியவில்லை, எறும்பு வந்தது நிச்சயம்.

பூச்சு மூன்று தடவை, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். மார்ச் வெயிலில் காலையில் பூசினது மதியத்துக்குள் காய்ந்து மயிர்க்கோடு விழுந்தது. அதன் பிறகு சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் பூச்சு, உடனே ஈரச் சாக்கு சுற்றுவது. சாக்கை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நனைக்க வேண்டும். பர்மியப் புத்தாண்டான தின்ஜான் விடுமுறையில் ஊலேயும் கையாளும் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த நான்கைந்து நாளும் தண்ணீர் விளையாடின சின்னப் பசங்களே வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பக்கம் ஒரு கோடுகூட விழாமல் இறுகியதற்கு அவர்கள்தான் காரணம் என்று ஊலே சத்தியம் செய்கிறார்.

பலகையின் இரண்டு துண்டையும் கல் ஒட்டும் எபாக்சியில் சேர்த்தோம். எபாக்சி வெயிலில் மஞ்சளாகும், அதனால் முகத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி மட்டும் தடவி, முன் இடுக்கைப் பளிங்குத் தூளும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தோம். இரும்பு முளைகளுக்குப் பதில் 8 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, நான்கு அங்குலம் செங்கல்லுக்குள். பளிங்கில் துளை போடும்போது டிரில்லில் சுத்தியல் விசையை நிறுத்திவிட வேண்டும், நிறுத்தாவிட்டால் கல் பின்பக்கம் சில்லாகப் பிய்ந்துபோகும். மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். பலகைக்கும் கட்டுக்கும் நடுவே முழுக்கக் கலவை அடைக்காமல் ஐந்து இடத்தில் மட்டும் கலவைத் திட்டு வைத்தோம், பின்னால் காற்றுப் போகட்டும் என்று. அடியில் பலகையைத் தாங்க ஓர் அங்குலச் செங்கல் விளிம்பு.

எழுத்துக்குக் கறுப்பு எனாமல், ஒன்றாம் நம்பர் பிரஷ். தேய்ந்த பளிங்கு பெயின்டைக் குடிக்கும். பலகையின் பின்பக்கத்தில் சோதித்துப் பார்த்தோம். தின்னர் கலந்தால் ஓரம் கசிந்து மீசை முளைக்கிறது, டப்பாவில் இருக்கிற கெட்டியிலேயே வைத்தால் கசியவில்லை. நன்றாகத் தெரிகிற வெட்டுக்குள் மட்டும் பெயின்ட். உறுதியாகாத எழுத்துக்குப் பெயின்ட் இல்லை, புது வெட்டும் இல்லை. உளியால் ஆழப்படுத்திவிடலாம் என்று கல்கடைக்காரர் சொன்னதையும் ஏற்கவில்லை. அவர் வெட்டினால் அவர் படித்த பெயர்தான் நிற்கும்.

பெயர் விட்டுப்போனது என்று இரண்டு குடும்பம் வந்தது. இரண்டிலும் பெரியவர்கள் விவரம் சொன்னார்கள், மற்ற வீட்டாரும் ஆமாம் என்றார்கள். பழைய பலகையில் இடம் இருந்தது, ஆனால் அதில் கை வைக்க எனக்கு மனமில்லை. கீழே பீடத்தில் 2 அடிக்கு ஒன்றரை அடியில் தனிப் பலகை வைத்தோம். உறுதியான பழைய பெயர்களையும் இன்றைய எழுத்தில் அதில் சேர்த்தோம், இளவட்டங்கள் படிக்கட்டுமே. அதை மோல்மேனில் கம்ப்யூட்டர் வெட்டுக்குக் கொடுத்தோம். நான் தட்டச்சு செய்து அனுப்பினதை அவர்கள் மென்பொருளில் திறந்தால் ‘கொ’ ‘ெக ா’ மாதிரி பிய்ந்து நின்றது. அங்கே தமிழ் படிக்கிறவர் யாருமில்லை, அப்படியே வெட்டவும் தயாராகிவிட்டார்கள். மாதிரித் தாள் கேட்டதால் தப்பித்தோம். பிறகு எழுத்தை வடிவக்கோடாக மாற்றிப் படமாக அனுப்பினேன், சரியாக வந்தது. பர்மாவில் தமிழ்க் கல்வெட்டு செய்யப் போகிறவர்கள் எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள், வெட்டும் முன் தாளில் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

செலவு கியாட்டில்: சுண்ணாம்பு, மணல், செங்கல் 1,40,000. கொத்தனார், கையாள் கூலி 6,50,000. எபாக்சி, எஃகுக் கம்பி, டிரில் பிட் 1,10,000. ஜெனரேட்டர், பெட்ரோல் 90,000. பெயின்ட், பிரஷ் 35,000. புதுப் பலகை வெட்டுக்கூலியோடு 2,60,000. வண்டி 60,000. ஆக மொத்தம் 13,45,000. கோயில் உண்டியலிலிருந்து பாதி, மீதி ஊரிலும் வெளியூரிலும் வசூல். ஊலே கடைசி வாரக் கூலியைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டார், அது இந்தக் கணக்கில் கூலியாகத்தான் இருக்கிறது.

மறுபடி செய்தால், மழை விட்டதும் நவம்பரிலேயே சுண்ணாம்பை நீற்றிவிடுவேன். ஜனவரியில் பூச்சு முடிந்துவிட்டால் மார்ச் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிமெண்டை உரித்த பிறகு செங்கல் கட்டை ஒரு மாதம் காற்றாட விட்டிருக்க வேண்டும், நாங்கள் பத்து நாளில் பூசிவிட்டோம். கிழக்குப் பக்கம் அடியில் இப்போது வெள்ளையாகக் கொஞ்சம் உப்புப் பூக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போகிறது, ஈரத்துணியால் துடைத்தால் உள்ளேயே திரும்பப் போகும்.

பாக்கி வேலை ஒன்று இருக்கிறது. பீடத்தைச் சுற்றி யாரோ போட்ட சிமெண்ட் தளம் தூணை நோக்கிச் சரிந்திருக்கிறது, மழைத் தண்ணீர் அடிக்குத்தான் வருகிறது. அதை உடைத்து, ஓரடி அகலத்துக்குச் சரளை போட்டு, வெளிப்பக்கம் நான்கு அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு கொடுக்கப் போகிறோம். சரளைக்கு விலை கேட்டிருக்கிறோம், நெல் அறுப்பு முடிந்ததும் ஆள் கிடைக்கும்.